தீராத தீர்ப்பு

'தீர்' என்னும் வினை தமிழ்க்குடில்தொறும் நாளும் வழங்குகின்றது. அடுக்களையில் அரிசி தீர்கின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்கின்றது. உழவனுக்குக் கடன் தீர்கின்றது. பங்காளிகளிடையே பகை தீர்கின்றது. இருந்ததொன்று எச்சமின்றி நீங்குதலே இவ்வனைத்திலும் கருத்து. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனைத் 'தீர்ப்பான்' என்றே குறிக்கின்றது. நோயைத் தீர்ப்பவன் தீர்ப்பான். வழக்கைத் தீர்ப்பது தீர்ப்பு. அடுக்களைச் சொல்லே அறமன்றச் சொல்லாய் நிமிர்ந்து நிற்கும் மாண்பு காண்க! இவ்வொரு வேரினின்றே தீர்வு, தீர்வை, தீர்ப்பாணை, தீர்ப்பாயம் எனச் சட்டச் சொற்கள் கிளைத்துள்ளன. இருந்தும், வழக்குப் 'பைசல்' ஆயிற்று, 'டிக்கிரி' ஆயிற்று என்றெழுதுவோர்க்கு உற்றது சொற்பஞ்சமா? தன்மானப் பஞ்சமே!

இனி, சட்டம் சொல்வதைக் கேளுங்கள். 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், தன் 2(9) ஆம் பிரிவில், தீர்ப்பாணைக்கோ ஆணைக்கோ உரிய அடிப்படைகளை நடுவர் எடுத்துரைக்கும் உரையே தீர்ப்பு என வரையறுக்கின்றது. வென்றான், தோற்றான் என்னும் முடிவு மட்டும் தீர்ப்பாகாது. ஏன் வென்றான், ஏன் தோற்றான் என்னும் கரணியமே தீர்ப்பு. அக்கரணியம் தனக்கு விளங்கா மொழியில் எழுதப்பட்டிருப்பின், நிலமிழந்த உழவனுக்கு அது வெறுந்தாளே. "ஐயா, என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று வழக்குரைஞரின் எழுத்தர்முன் கைகட்டி நிற்கின்றானே, அவனுக்கு வழக்கு முடிந்தது; தீரவில்லை!

கீழமை மன்றங்களில் தமிழுக்கு 1976 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழிசெய்தது. உயர் அறமன்றத்திலோ இன்றும் ஆங்கிலமே அரசு வீற்றிருக்கின்றது. இந்திய அரசமைப்பின் 348(2) ஆம் பிரிவு மன்ற நடவடிக்கைகளுக்கும், 1963 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்து 7 ஆம் பிரிவு தீர்ப்புகளுக்கும் மாநில மொழிக்குக் கதவு திறந்தே வைத்துள்ளன. அக்கதவு வழியே இராசத்தான் 1950-இலும், உத்தரப் பிரதேசம் 1969-இலும், மத்தியப் பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் இந்தியை உள்ளே அமர்த்திக்கொண்டன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றிக் கேட்டது. 2012-இல் உச்ச அறமன்றம் மறுத்துவிட்டது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு அடைபடுவது எவ்வகை அறம்?

சில தீர்ப்புகளை மொழிபெயர்த்துத் தருகின்றோம் என்பர். உரிமையைக் கேட்டவனுக்கு நிழலைத் தந்து அமர்த்தும் சூழ்ச்சியிது. ஆங்கில மூலத்துக்கே சட்ட வலிவுண்டு, மொழிபெயர்ப்புக்கு இல்லை.

தமிழ் வழக்குரைஞர்களே! இசைவுள்ள கீழமை மன்றங்களிலேனும் வழக்குரையைத் தமிழில் எழுதுங்கள், தமிழில் வாதிடுங்கள், தமிழில் தீர்ப்புக் கேளுங்கள். இருக்கும் உரிமையை ஆளாதவனுக்கு இல்லாத உரிமையை எவன் தருவான்? இக்குறை தீரும்வரை நம் போராட்டம் தீராது!