விழா நாளில் வாசலுக்கு வந்தவர்

கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் எங்கள் வீட்டில் எதிர்பார்த்ததைவிட விருந்தினர் கூடிவிட்டனர். மருமகன் கைப்பேசிச் செயலியில் ஐஸ்கிரீம் வரவழைத்தார். கொண்டுவந்த இளைஞருக்குக் கொடுக்க என் மனைவி தட்டில் கேக் எடுத்து வருவதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். நிற்க அவருக்கு நேரமில்லை.

அன்று காலையில்தான் செய்தி படித்திருந்தேன்: டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில் செயலிவழித் தொழிலாளர் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்திருந்தன. பத்து நிமிட விநியோகத்தைக் கைவிட வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. படித்த பின்னும் மருமகனைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை.

விடுமுறைக்கு ஒரு பழைய நூலை எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். இம்முறை எடுத்தது, திருத்தந்தை 13-ஆம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல். (லியோவை எங்கள் பாட்டனார் தலைமுறை சிங்கராயர் என்றுதான் சொல்லும்.) 2025 மே மாதம் தேர்வான திருத்தந்தை, 14-ஆம் லியோ என்ற பெயரைத் தாம் ஏற்றதற்கு இம்மடலையே முதன்மைக் காரணமாகக் கர்தினால்களிடம் கூறினார். அன்று தொழிற்புரட்சி, இன்று செயற்கை நுண்ணறிவு.

இம்மடல் சோஷலிசத்தை மறுத்துத் தனியுடைமையை வலுவாக ஆதரிக்கிறது. அதனால் என் இடதுசாரி நண்பர்கள் இதைத் தொடுவதில்லை. தொழில் நடத்தும் நண்பர்களோ அந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால்தான் கூலி பற்றிய பகுதி வருகிறது. இருவரும் மனமொப்பிப் பேசிய கூலியைக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை தீர்ந்துவிடுமா என்று அது கேட்கிறது. தீராது என்பதே விடை. வேறு வழியின்றியோ, இதைவிட மோசமானதற்கு அஞ்சியோ ஒருவர் கடினமான நிபந்தனைகளை ஏற்பாராயின், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவரே என்கிறது மடல்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நான் வரைந்த தேவை, அளிப்புக் கோடுகளில் இந்த அச்சத்துக்கு இடமில்லை. இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே கூலி. செயலி நிறுவனங்களின் வாதமும் அதுவே: இவர்கள் ஊழியர் அல்லர், 'கூட்டாளிகள்', விரும்பினால் செயலியைத் திறக்கலாம், இல்லையேல் மூடலாம். ஆனால் வண்டிக் கடன், பெட்ரோல், விபத்து எல்லாம் கூட்டாளியின் தலையில். ஒரு பயணத்துக்கு எவ்வளவு என்பதை மட்டும் நிறுவனம் தனியே முடிவு செய்கிறது. விரைவின் இன்பம் நமக்கு. அதன் ஆபத்து அவருக்கு. எங்கள் துறையில் இதைப் புறவிளைவு என்போம்.

நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் இத்தகைய தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-இல் 2.35 கோடியாவர் என்றும் கணித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு சட்டத் தொகுப்புகளுள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களை முதன்முறையாகப் பெயரிட்டு அழைக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நிதியளிக்க வேண்டும். அத்தொகை இத்தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டத் தேவையில்லை. நல்ல தொடக்கம். ஆயினும் மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்று சட்டமே வரையறுத்துவிட்டதால், குறைந்தபட்ச ஊதியம் இவர்களுக்கு எட்டாது. மடல் பேசியதோ கூலியைப் பற்றி.

இவ்வளவும் நிறுவனங்களைப் பற்றி எழுதுவது எளிது. 1971-இல் உரோமையில் கூடிய ஆயர்கள் மாமன்றம், நீதியைப் பற்றிப் பேசத் துணிவோர் முதலில் தாம் நீதியாய் இருக்க வேண்டும் என்றது. திருச்சபை நிறுவனங்களில் பணிபுரிவோர்க்குப் போதிய ஊதியம் வேண்டும் என்றும் சொன்னது. நான் பணியாற்றியது ஒரு கத்தோலிக்கக் கல்லூரி. அங்கே சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும் நாங்களும் ஒரே பாடத்தை நடத்தினோம். அவர்களின் ஊதியம் எங்கள் ஊதியத்தில் நான்கில் ஒரு பங்குகூட இராது.

துறைத்தலைவராக இருந்தபோது ஒரு நேர்காணலில், முனைவர் பட்டம் பெற்ற ஓர் இளைஞரிடம் மாதத் தொகையைச் சொன்னேன். சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க ஐயா" என்றார். அவர் சம்மதம் தெரிவித்ததாகப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டவன் நான்தான்.