ஆமிக் கத்தியும் நம் கைக் கத்தியும்



வீட்டிலும் தோட்டத்திலும் நாம் அன்றாடம் கையாளும் ஒரு பொருளைப் பற்றி மாதந்தோறும் இந்தப் பக்கத்தில் பேசி வருகிறோம். இம்மாதம் மடக்குக் கத்தி. யாழ்ப்பாணத்துப் பக்கம் இதை வில்லுக்கத்தி என்பார்கள். இதை எழுதக் காரணம், ஹப்புத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம்.

அவர் 1977 கலவரத்துக்குப் பின் பெற்றோருடன் வவுனியாவுக்குப் போய்க் குடியேறியவர். போரில் கணவரை இழந்து, 2009க்குப் பிறகு இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் இருக்கும் லயத்துக்குத் திரும்பி வந்தவர். காலையில் கொழுந்து, பின்னேரம் மரக்கறித் தோட்டம். போஞ்சிக்குக் கயிறு கட்ட, உரப்பையைப் பிரிக்க, கோவா அறுக்க ஒரு கத்தி தேவைப்பட்டது. பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் கேட்டிருக்கிறார். மீதியை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

"கடைக்காரத் தம்பி ஒரு மடக்குக் கத்தியை விரித்துக் காட்டி, 'இது ஆமிக் கத்தி அக்கா, உடையவே உடையாது' என்றார். ஆமி என்ற சொல்லைக் கேட்டதும் கை நடுங்கியது. கத்தியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வேலைக்குக் கத்தி வேண்டுமே? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாமா? இருட்டில் தனியாக வரும்போது ஒரு பாதுகாப்புக்கும் ஆகும்தானே?"

இந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. 1990களில் ஒருநாள் நாங்கள் இருவரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொன்னார்கள். அம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்து சிறிய மடக்குக் கத்தி ஒன்று விழுந்தது. பாக்குச் சீவுகிற கத்தி. அம்மாவை ஓரமாக நிறுத்திவைத்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். எங்களைப் போகவிட்டார்கள்; கத்தி திரும்பி வரவில்லை. அதன்பின் அம்மா கண்மூடும் வரையில் பாக்கைப் பல்லால்தான் கடித்தார். நம்மில் பலருக்குக் கத்தி என்றாலே வயிறு கலங்குவதற்கு இப்படி ஏதாவதொரு காரணம் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, ஆமிக் கத்தி என்றால் உண்மையில் என்ன? உலகில் பெயர்பெற்ற ஆமிக் கத்தி சுவிற்சர்லாந்துடையது. 1889இல் அந்நாட்டுப் படைக்குப் புதிய துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிப் பூட்ட ஸ்குரூ டிரைவர் வேண்டும். டின்னில் அடைத்த உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் சுமக்காமல் ஒரே மடக்குக் கத்திக்குள் வைத்தார்கள். ஓர் அலகு, ஒரு டின் வெட்டி, ஒரு ஸ்குரூ டிரைவர், துளையிட ஓர் ஊசி. அவ்வளவுதான்.

அதைச் செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் கார்ல் எல்செனர். 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கியவர். அவருக்குத் துணையாக நின்ற தாயின் பெயர் விக்டோரியா. 1909இல் தாய் இறந்ததும் அவர் பெயரையே பட்டறைக்கு வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத உருக்குக்கு மாறியபோது அதைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். இன்று விக்டோரினொக்ஸ் என்று கடைகளில் காண்பது அந்தத் தாயின் பெயர்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த மடக்குக் கத்தியையும் பாருங்கள். அதன் அலகு கூர் முனை இல்லாதது. முதுகுப் பக்கம் வளைந்து இறங்கி வெட்டுவாயோடு சேரும். கூடவே ஒரு டின் வெட்டி, முடிச்சு அவிழ்க்க ஒரு தடித்த ஊசி, கயிறு கோக்க ஒரு வளையம். சண்டைக்கு அவனிடம் துப்பாக்கி இருந்தது. சட்டைப் பைக்குள் இருந்த கத்தி கயிறு அறுக்கவும் சாப்பாட்டு டின் திறக்கவும்தான்.

நமக்குப் பக்கத்திலேயே தியத்தலாவை இருக்கிறது. 1900 ஆகஸ்ட் முதல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 5,000 பேர். பெரும்பாலோர் தியத்தலாவை முகாமில் இருந்தார்கள். அங்கே அவர்கள் மரத்தைச் செதுக்கிப் பெட்டி, புகைக் குழாய், ஊன்றுகோல் என்று செய்து நாட்களைக் கழித்தார்கள். அதே காலத்தில் அவர்கள் நாட்டில் தடுப்பு முகாம்களில் 26,000க்கு மேற்பட்ட பெண்களும் பிள்ளைகளும் நோயாலும் பசியாலும் இறந்தார்கள். போர் எந்த நாட்டில் நடந்தாலும் வீட்டில் இருப்பவர்களையும் விடுவதில்லை.

ஆகவே சகோதரி, கடைக்காரர் சொன்ன பெயருக்காக வாங்கவும் வேண்டாம், அந்தப் பெயருக்காகப் பயப்படவும் வேண்டாம். படைகள் செய்ததுபோல முதலில் வேலையை எழுதுங்கள். பிறகு கத்தியைப் பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. அளவு. அலகு மூன்று அங்குலம் போதும். பிடி உங்கள் நான்கு விரலுக்கும் இடம் தர வேண்டும். ஆண்களின் கைக்குச் செய்த பெரிய பிடி நம் கையில் வழுக்கும்.

2. பூட்டு. சாதாரண மடக்குக் கத்தியில் அலகை நிறுத்துவது முதுகிலுள்ள வில் மட்டுமே. அழுத்திக் குத்தினால் மடிந்து விரலில் விழும். கோவாத் தண்டு போன்ற கடினமானவற்றை வெட்டுவதென்றால், விரித்ததும் பூட்டிக்கொள்ளும் வகையை எடுங்கள். சுவிஸ் படையும் 2008இல் தெரிவு செய்த புதிய கத்தியில் பூட்டு வைத்தது.

3. ஆட்டம். விரித்துப் பிடித்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வைத்துவிடுங்கள்.

4. முனை. வளைந்து இறங்கும் முனையே நமக்கு நல்லது. உரப்பையைப் பிரிக்கும்போது கை தவறினாலும் ஆழமாகக் குத்தாது. பார்ப்பவருக்கும் அது வேலைக் கத்தி என்று தெரியும்.

5. உருக்கு. சாதாரண இரும்புக் கத்தி சுலபமாகக் கூர் ஏறும். ஆனால் நம் மலைப் பனியில் சீக்கிரம் துருப்பிடிக்கும். தேயிலைச் சாறு பட்டால் கருக்கும். துருப்பிடிக்காத உருக்கு பராமரிக்க எளிது.

6. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தி வேண்டவே வேண்டாம். பைக்குள் தானாக விரிந்தால் ஆபத்து. கண்டவர்களுக்கும் சந்தேகம் வரும்.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும், ஏனென்றால் அழுத்தி இழுக்கிறோம். ஆகவே வாரம் ஒருமுறை தீட்டுக்கல்லில் தீட்டுங்கள்.

பஸ்ஸில் கொண்டு போவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போகும்போது வேலைப் பொருட்களோடு, மடித்து, துணியில் சுற்றி வையுங்கள். யாராவது கேட்டால் மறைக்காமல் என்ன வேலைக்கு என்று சொல்லுங்கள். கோயில் திருவிழா, நீதிமன்றம், பொலிஸ் நிலையம் ஆகியவற்றுக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: கட்டுநாயக்காவில் கைப்பையில் கத்தி இருந்தால் எடுத்துவிடுவார்கள்.

கடைசிக் கேள்விதான் கனமானது. பாதுகாப்புக்காகக் கத்தியை நம்பாதீர்கள். நம்மை விடப் பலமுள்ளவன் அதைப் பறித்தால் நம் மீதே திரும்பும். இருட்டுப் பாதையில் இரண்டு மூன்று பேராக வாருங்கள். டோர்ச் லைட்டும் விசிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் தொடர்ந்து தொல்லை கொடுத்தால் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119. வீட்டில் குடித்துவிட்டுக் கோபப்படுகிறவர் இருந்தால், கத்தியை இரவில் அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

சகோதரி, அடுத்த ஞாயிறு மீண்டும் சந்தைக்குப் போங்கள். கத்தியைக் கையில் எடுத்து, விரித்து, அசைத்துப் பாருங்கள். பிடித்தால் வாங்குங்கள். போஞ்சிக் கொடி பந்தல் ஏறியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா