சீலிட்ட உறைக்குள் என்ன இருந்தது?

திருத்துறைப்பூண்டியில் ஒரு மனைத் தகராறு அடிதடியில் முடிந்தால் சிவில் ஒன்று, கிரிமினல் ஒன்று என இரண்டு வழக்காகிவிடும். இரண்டிலும் எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும் ஆவணங்களின் நகலைக் கேட்டு வாங்குகிறோம். எதிர்த்தரப்பு அரசாங்கமாக இருந்தால்?

மலையாள 'மீடியா ஒன்' சேனலுக்கு உள்துறை பாதுகாப்பு அனுமதியை மறுத்தது. 2022 ஜனவரியில் ஒளிபரப்பு நின்றது. காரணம் சேனலுக்குச் சொல்லப்படவில்லை. சீலிட்ட உறையில் கேரள உயர் நீதிமன்றத்திடம் மட்டும் தரப்பட்டது. அதைப் படித்த நீதிமன்றம் தடை சரி என்றது. என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாதவர் எதை மறுத்து வாதாடுவார்?

2023 ஏப்ரல் 5 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி ஹிமா கோலி அமர்வு தடையை ரத்து செய்தபோதுதான் உறைக்குள் இருந்தது வெளியே வந்தது. யுஏபிஏ, சிஏஏ, என்ஆர்சி பற்றிய சேனலின் விமர்சனங்கள்! ஏற்கெனவே ஊரறிந்த செய்திகளில் ரகசியம் ஏதுமில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

கிரிமினல் பக்கம், ப.சிதம்பரத்துக்கு 2019 டிசம்பர் 4 அன்று ஜாமீன் தந்தபோதே, சீலிட்ட உறையில் உள்ளதை வைத்து ஜாமீனை மறுப்பது நியாயமான விசாரணைக்கு எதிரானது என உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் யுஏபிஏ வழக்குகளில், கைதானவர் பார்க்க முடியாத கேஸ் டைரியைப் படித்து ஜாமீனை மறுக்க 43டி(5) பிரிவு இன்றும் வழிவிடுகிறது. நம் குடும்பங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

குற்றப்பத்திரிகை நகல் வேறு. ஆஜரான 14 நாட்களுக்குள் அதை இலவசமாகத் தரவேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 230-வது பிரிவு. தராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள்.