கசடு எருவாகும் முன்

கங்கைக் கரையோர நகரங்களின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் சேரும் கசடை எருவாக்கி வருவாய் ஈட்டுவது, மத்திய அரசின் "அர்த் கங்கா" கொள்கையில் ஓர் அங்கம். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த கசடைக் குப்பைமேட்டில் கொட்டுவதைவிட வயலுக்கு அனுப்புவது நல்லதுதான். எந்த நிலையில் அனுப்பப்படுகிறது என்பதே கேள்வி.

சுத்திகரிப்பு என்று நாம் சொல்வது நீரைப் பற்றியது. நீரிலிருந்து பிரியும் கிருமிகளில் பெரும்பகுதி கசடோடுதான் படிகிறது. மூடிய தொட்டியில் 35 டிகிரி வெப்பத்தில் செரிக்கவைத்தால் அவை குறையுமே தவிர ஒழிவதில்லை. சால்மோனெல்லா, ஈ-கோலி போன்ற பாக்டீரியாக்கள் எஞ்சுகின்றன. குடற்புழு முட்டைகளோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்புடன் கிடக்கும்.

தூய்மை கங்கைக்கான தேசிய இயக்கத்துக்காக ரூர்க்கி ஐஐடி நடத்திய ஆய்வில், கங்கைக் கரை நிலையங்களின் காய்ந்த கசடு பெரும்பாலும் "பி" பிரிவில்தான் அடங்கியது. இப்பிரிவு அமெரிக்கா 1993-இல் வகுத்த விதிகளின் வழி வந்தது. காய்ந்த கசடின் ஒரு கிராமில் மலக் கோலிபார்ம் கிருமிகள் 1,000-க்குக் குறைவாக இருந்தால்தான் "ஏ" பிரிவு. 20 லட்சம் வரை "பி" பிரிவு. "பி" பிரிவுக் கசடு இட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு விளையும் காய்களைப் பறிக்க 14 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு விதி. முள்ளங்கி, கேரட் போன்றவற்றுக்கு 20 முதல் 38 மாதங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுக்கும் உத்தரப் பிரதேசத்துக் குறு விவசாயியிடம் இதை யார் சொல்வது? சொன்னாலும் அவரால் நிலத்தைத் தரிசாகப் போட முடியுமா?

விற்பனைக்கு வரும் நகரக் கம்போஸ்டில் நோய்க்கிருமி அறவே இருக்கக் கூடாது என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. அது வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பு. கங்கைத் திட்டம் ஜல் சக்தி அமைச்சகத்திடம். மாசுக் கட்டுப்பாடு சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம். சுத்திகரிப்பு நிலையமோ உள்ளாட்சி அமைப்பிடம். நிலையத்து வாசலில் டிராக்டரில் ஏற்றப்படும் கசடுக்கு இவர்களில் யார் பொறுப்பு என்பது தெளிவாக்கப்பட வேண்டும்.

வழி இல்லாமலில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தில், நாளொன்றுக்கு 100 டன் காய்ந்த கசடைக் காமா கதிர்வீச்சால் கிருமி நீக்கும் நிலையத்தை அகமதாபாத் மாநகராட்சி அமைத்துள்ளது. அந்தச் செலவு கட்டுப்படியாகாத ஊர்களில், கசடைப் பயிர்க்கழிவுடன் குவித்து, 55 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் 15 நாட்கள் வைத்து, ஐந்து முறை புரட்டிப்போட்டு மக்கவைக்கலாம். இவ்விரண்டில் ஒன்றையேனும் கட்டாயமாக்கி, பரிசோதனைச் சான்று இல்லாத கசடு நிலையத்தை விட்டு வெளியேறாமல் தடுத்த பிறகே, அதற்கு விலை வைப்பது பற்றி ஜல் சக்தி அமைச்சகம் யோசிக்கட்டும்.