வெப் ஹோஸ்டிங்: குத்தகைச் சீட்டு யார் பேர்ல இருக்கு?

வெளிநாட்டுல பொட்டி தட்டுற நம்ம எல்லாருக்கும் ஊர்ல இருந்து இந்த போன் ஒரு தடவையாவது வந்திருக்கும். "ஏங்கண்ணு, வெப்சைட்டுக்குத்தான் ஒருக்கா காசு குடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு வருசா வருசம் கேக்கறாங்க?" எங்க மீனாட்சிபுரம் பக்கம் மாங்காய், தேங்காய் வியாபாரம் பாக்கற மாமன், சித்தப்பன் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. நியாயமான சந்தேகம்தான்.

நாம என்ன பண்றோம்? சர்வர், பேண்ட்விட்த்னு ஆரம்பிச்சிடறோம். அவங்களும் "செரி செரி"ன்னு போனை வெச்சிடறாங்க. பணம் மட்டும் கட்டறதில்ல :-)

என்னைக் கேட்டா, எங்க ஊர்க்காரங்களுக்குக் "குத்தகை"ங்கற ஒரு வார்த்தை போதும். பக்கத்துல முதலமடையில மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் பண்றவங்க நிறைய. மரம் நம்மது இல்ல, காய்தான் நம்மது, காலம் முடிஞ்சா புதுப்பிக்கணும்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

1. டொமைன்: கடையோட பேர். இதை ஒரேயடியா வாங்கிட முடியாது. டாட் காம் பேரை ஒரு தடவையில அதிகபட்சம் 10 வருசத்துக்குத்தான் பதியலாம். புதுப்பிக்காம விட்டா, கொஞ்ச நாள்ல வேற யாரு வேணா எடுத்துக்கலாம்.

2. ஹோஸ்டிங்: கடை இருக்கற இடம். ராத்திரி பகலா ஓடற ஒரு கம்ப்யூட்டர்ல நமக்கு ஒரு மூலை. கரண்டு, ஏசி, காவல் எல்லாம் சேர்த்துத்தான் அந்த வாடகை.

3. வெப்சைட்: உள்ள இருக்கற சரக்கு. ஒருக்கா காசு குடுத்தது இதுக்கு மட்டும்தான்.

"ஓசியிலயே கெடைக்குதே?"ம்பாங்க. ஓசி இடம் அடுத்தவன் வீட்டுத் திண்ணை மாதிரி. யாகூவோட ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர்ல மூடினாங்க. ஆர்குட் 2014ல போச்சு. சின்னக் கடைகளுக்குக் கூகுள் ஓசியா குடுத்த வெப்சைட்டுகளும் 2024 மார்ச்சோட நின்னுது. திண்ணைக்காரன் எழுந்திருன்னா எழுந்திருக்கத்தான் வேணும்.

காசு குடுத்தா மட்டும் எல்லாம் பத்திரமா? அதுவும் இல்ல. 2021 மார்ச் 10 அன்னிக்கு பிரான்சுல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச் கம்பெனியோட டேட்டா சென்டர் ஒண்ணு எரிஞ்சு போச்சு. வேற எடத்துல நகல் வெக்காதவங்க பல பேருக்குப் போனது போனதுதான். அதனால நகல் ஒண்ணு நம்ம கையில இருக்கணும்.

டீக்கடைக்கு வெப்சைட் வேணும்னு நான் சொல்லல. உள்ளூர் யாவாரத்துக்கு ஒரு வாட்ஸப் நம்பர் போதும். ஆனா வெளியூருக்குச் சரக்கு அனுப்பறவங்க கதை வேற. மத்த ஊர்க் காய் வர்றதுக்கு முன்னாடியே சந்தைக்கு வர்றதுதான் முதலமடை மாங்காய்க்கு மவுசு. அந்த நேரம் பாத்து வெப்சைட் படுத்துட்டா, தேடி வந்த ஆளு அடுத்த மண்டிக்குப் போயிடுவான்.

இதுல பெரிய ஆபத்து வாடகை இல்லீங்க, சீட்டு யார் பேர்ல இருக்குங்கறதுதான். வெப்சைட் செஞ்சு குடுத்தவர் டொமைனைத் தன் பேர்லயே பதிஞ்சிருப்பார். அவர் நம்பரை மாத்திட்டா கடைப் பேரும் அவரோட போச்சு. வெளியாள் மட்டுமில்ல, செஞ்சு குடுத்தது நாமளா இருந்தாலும் இதே கதிதான். பாசத்துல நம்ம ஈமெயில்ல பதிஞ்சு வெக்கறது அவங்களுக்கு உதவி இல்ல.

அடுத்த லீவுல ஊருக்குப் போறப்ப, மாமாகிட்ட மூணே மூணு கேளுங்க: பேர் யார் பேர்ல இருக்கு? என்னிக்கு முடியுது? நகல் எங்க இருக்கு? தோப்புக் குத்தகைக்கு இதெல்லாம் கேக்காம அவர் கையெழுத்துப் போட மாட்டாரு. இதுக்கும் அப்படித்தான்னு சொன்னா, உடனே புரிஞ்சுக்குவாரு.