மூட்டமும் இரு விளக்குகளும்

தெமோதரைப் புகையிரத நிலையத்துக்கு வருவோர் ஒரு காட்சியைக் கண்டு வியப்பது வழக்கம். நிலையத்தில் நின்ற வண்டி புறப்பட்டு, மலையைச் சுற்றி வளைந்து வந்து, தான் சற்று முன் நின்ற இடத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தினுட் புகுந்து, பதுளையை நோக்கிச் செல்கின்றது. 1924ஆம் ஆண்டில் இப்பாதை பதுளையை எட்டியது. நேரே இறங்க இயலாத சரிவை வளைந்து இறங்கினார்கள். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருளும் நேர்வழியை விட்டுப் பக்கவழியாற் செல்லும் ஒன்றைப் பற்றியதே. ஆனால் அது வண்டியன்று, ஒளி. அதுவும் கடலுக்கடியிற் பாயும் ஒளி.

தேயிலை மலையில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. எமக்கு அறிமுகமான தோட்டத்து இளைஞர் ஒருவர், படிப்பு முடிந்து வேலை தேடியபோது கிழக்குக் கரைக்குச் சென்றார். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பெருந்தெரு, மலைநாட்டாருக்குக் கடலைக் காட்டும் தெருவன்றோ? அங்கிருந்து வடக்கே திருகோணமலைக்குப் போய், நிலாவெளியிற் கடலடியைக் காண வரும் உல்லாசப் பயணிகளுக்குக் காற்றுருளைகள் சுமக்கும் வேலையில் அமர்ந்தார். நாளடைவிற் சுழியோடவும் கற்றார். பயணி ஒருவர் ஊர் திரும்புகையிற் குறைந்த விலைக்குக் கொடுத்துச் சென்ற சிறிய கமரா ஒன்றும், அதற்குரிய நீர்புகாப் பெட்டியும் அவர் கைக்கு வந்தன.

அவர் முதன்முதலாக எடுத்த படத்தைத் தம் தாயாரிடம் காட்டினார். அவ்வம்மையார் முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். கடலைக் கண்ணாற் கண்டதில்லை. படத்தில் எங்கும் நீல மங்கல். அதன்மேல் எண்ணற்ற வெண்புள்ளிகள். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அங்கயும் மூட்டந்தானாப்பா?” என்று கேட்டாராம். அக்கேள்வியிற் கடலடிப் புகைப்படக் கலையின் பாதி அடங்கியிருக்கின்றது என்பதை, சென்ற மார்கழியில் அந்த வீட்டுக்குச் சென்றபோதுதான் நாம் உணர்ந்தோம்.

மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சுழியோடுவோருக்கு வேலை இராது. அதே காற்றுத்தான் ஊவா மலைகளுக்கு மழையையும் மூட்டத்தையும் கொண்டு வருகின்றது. இளைஞர் ஊருக்கு வந்திருந்தார். இருட்டிய பின்னர் லயத்திலிருந்து எம்மைத் தெருவுக்குக் கொண்டுவந்து விடத் தாயும் மகனும் உடன் வந்தனர். மூட்டம் கையெட்டும் தூரத்தில் நின்றது. யாம் எமது டோர்ச் விளக்கைக் கண்ணுக்கு அருகே உயர்த்திப் பிடித்தோம். வெண்சுவர் ஒன்றைத் தவிர வேறெதுவும் புலப்படவில்லை. அம்மையார், “அப்புடிப் புடிக்கக் கூடாதுங்கய்யா” என்று விளக்கை வாங்கி, இடுப்புக்குக் கீழே, உடலை விட்டுத் தள்ளிப் பிடித்தார். கல்லும் படியும் கானும் தெளிவாகத் தெரிந்தன.

மகன் சிரித்தார். “இதைக் கடலுக்குள்ளே கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று” என்றார்.

அவர் விளக்கிய செய்தி இது. கடல்நீர் எத்துணைத் தெளிவாயினும் அதில் மணலும் நுண்ணுயிர்களும் மிதந்துகொண்டே இருக்கும். சிறிய கமராவிற் கூடவே அமைந்த விளக்கு, ஒளிவில்லைக்கு மிக அருகில் உள்ளது. அது மின்னும்போது வில்லைக்கு முன்னேயுள்ள துகள்கள் யாவும் ஒளியை நேரே திருப்பி அனுப்புகின்றன. வெண்புள்ளிகள் அவைதாம். ஆதலால் விளக்கைக் கமராவிலிருந்து பிரித்து, நீண்ட கைகளிற் பொருத்திப் பக்கவாட்டில் நிறுத்துவர். இவ்விளக்குக்கு ஸ்ட்ரோப் என்று பெயர். ஒளி பக்கத்திலிருந்து சாய்வாகப் பாய்ந்தால், பொருள் துலங்கும். வில்லைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள நீர் இருளாகவே இருக்கும்.

அப்படியாயின் ஒரு விளக்குப் போதாதா? சிறு மீன் ஒன்றைப் படம்பிடிக்கப் போதும். பவளப்பாறை போன்ற அகன்ற பொருளுக்கோ ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் கரிய நிழலும் விழும். மூலஸ்தானத்தில் விக்கிரகத்தின் இருபுறமும் குத்துவிளக்கு ஏற்றுவது போல, இங்கும் இரு விளக்குகள் வேண்டும். ஒன்று இட்ட நிழலை மற்றொன்று தணிக்கும். இரண்டையும் ஒரே அளவில் எரியவிட்டால் மேடுபள்ளம் மறைந்து படம் தட்டையாகிவிடும். ஆகையால் ஒன்றின் வலுவைப் பாதியாகக் குறைப்பாரும் உளர்.

நிறத்தின் கதை இன்னும் வியப்பானது. நீர், செந்நிறத்தையே முதலில் விழுங்குகின்றது. 5 மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். 10 மீற்றருக்குக் கீழே பெரும்பாலும் இல்லையெனலாம். பின்னர் செம்மஞ்சளும் மஞ்சளும் முறையே மறையும், நீலமே எஞ்சும். செந்நிறக் கடல்விசிறி அங்கே கருநீலமாகத் தோன்றும். விளக்கொளி பட்ட கணத்திலேதான் அதன் சிவப்புத் தெரியும். விளக்கொளியும் நீரின் வழியே சென்று திரும்ப வேண்டியிருத்தலால், பொருளுக்கு ஒரு மீற்றருக்குள் நெருங்கியே எடுத்தல் நன்று.

கடலடியில் ஒளிகொண்டு படமெடுக்கும் முயற்சி பழையது. 1893இல் பிரான்சு தேசத்து லூயி பூத்தான் என்ற உயிரியலறிஞர், பானியூல் என்னும் கடற்கரை ஊரில் இவ்வித்தையைத் தொடங்கி, மக்னீசியத்தை எரித்து ஒளி பெற்றார். 1926இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலிற் கடலடியின் வண்ணப் படங்கள் முதன்முதலாக எடுக்கப்பட்டன. அங்கும் மக்னீசியப் பொடியை மிதவையில் வைத்துக் கொளுத்தினர். மின்னற்பொழுதில் ஒளிரும் மின் ஸ்ட்ரோப்பை வளர்த்தெடுத்த ஹரல்ட் எட்ஜர்ட்டன், 1950களிற் கடலாய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து அதனை ஆழ்கடலுக்கு இறக்கினார்.

எமது திருகோணமலைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் புகைப்படக்காரர் மைக் வில்சனும் சுவாமி மலையடியிற் சுழியோடி, போர்த்துக்கேயர் தகர்த்த கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியிற் கண்டனர். கண்ணாற் கண்டதைச் சொன்னால் நம்பாதவரும், படத்தைக் கண்டால் நம்புவர்.

அக்காலத்திற் பெருஞ்செலவிற் செய்ததை இன்று உள்ளங்கையளவுக் கமராவினால் ஓர் இளைஞர் செய்கிறார். அவர் கூறிய முறையை, இத்துறையிற் புக விரும்புவோருக்காகச் சுருங்கச் சொல்லுகிறோம். நீர்புகாப் பெட்டியின் அடியில் ஒரு தட்டு. அதன் இருபுறமும் மடக்கக்கூடிய கைகள். கைகளின் நுனியில் விளக்குகள். கமராவின் சொந்த விளக்கை வெளியே தெரியாதபடி மறைத்துவிட வேண்டும். ஆயினும் அது மின்னத்தான் வேண்டும்; அம்மின்னலை இரு ஒளியிழைகள் ஸ்ட்ரோப்புகளுக்குக் கொண்டுசெல்ல, அவையும் அக்கணமே மின்னுகின்றன. சொந்த விளக்கைக் குறைந்த வலுவில் வைத்தால் அடுத்த படத்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இரு விளக்குகளையும் வில்லையின் முகத்துக்குச் சற்றுப் பின்னே, இருபுறமும் அகல நிறுத்தி, சிறிதளவு வெளிப்புறம் திருப்ப வேண்டும். ஒளிக்கற்றையின் ஓரமே பொருளைத் தொட்டாற் போதும். இங்கே புதியவர்கள் பெரும்பாலும் தவறுகின்றனர். நீரினுட் பொருள்கள், உண்மைத் தூரத்தின் முக்காற்பங்கிலேயே இருப்பனபோற் கண்ணுக்குத் தோன்றும். கண்ணை நம்பி விளக்கைத் திருப்பினால், ஒளி பொருளுக்கு முன்னேயுள்ள நீரில் விழுந்து, பழைய மூட்டம் மீண்டும் வந்துவிடும். மற்றுமொரு எச்சரிக்கை: கைகள் அகன்றிருப்பதை மறந்து திரும்பினாற் பவளக் கொம்பு முறியும். வளர நெடுங்காலம் எடுத்தது ஒரு நொடியில் ஒழியும். மிதப்பை அடக்கக் கல்லாதவர் கமராவைக் கரையிலேயே வைத்துவிட்டுச் செல்லுதல் அறமாகும்.

இரண்டாவது விளக்கை வாங்க, அவர் பல மாதச் சம்பளத்திற் சிறிது சிறிதாகச் சேமித்தார். வீட்டுக் கூரை ஒழுகும் வேளையில் இது தேவையா என்று உறவினர் கடிந்தனர். எமக்கும் அவ்வாறே தோன்றியது. அதையே கேட்டோம். அவர் அளித்த விடை எம்மை வாயடைக்கச் செய்தது.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு, 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்குள்ள பவளங்களுக்கு நிறங்கொடுப்பவை அவற்றின் உடலில் வாழும் நுண்ணிய பாசிகள். கடல் சூடேறினாற் பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். வெப்பம் விரைவில் தணியாவிடிற் பட்டினியால் மடியும். 1998இல் இலங்கையின் பவளங்கள் பல இவ்வாறு அழிந்தன. 2024 ஏப்ரிலில், உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வதாக அறிவியலாளர் அறிவித்தனர்.

“ஒவ்வொரு வருஷமும் அதே பாறையை, அதே இடத்தில் நின்று எடுக்கிறேன். ஒற்றை விளக்கு அதிகமாய் விழுந்தால் நல்ல பவளமும் வெள்ளையாய்த் தெரியும். பிறகு, வெளுத்தது பவளமா, படமா என்று எப்படிச் சொல்வது?” என்றார் அவர்.

இதனாலேயே இரு விளக்குகளையும் ஒவ்வோராண்டும் ஒரே தூரத்தில், ஒரே வலுவில் வைத்து எடுக்கிறார். அருகிலே நிறங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றையும் வைத்துக்கொள்கிறார். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் பவளங்களின் நலத்தை அளப்பதற்கென இத்தகைய அட்டை ஒன்றை வகுத்துள்ளனர். அழகுக்கு ஒரு விளக்கே போதியதாக இருக்கலாம். சாட்சிக்கு இரண்டும் வேண்டும் என்பதை நாம் அன்று அறிந்தோம். கூரையைப் பற்றிய எமது கேள்வி நியாயமற்றதன்று. ஆயினும், அடுத்த பங்குனிக்குள் தகரமும் மாற்றிவிடுவதாக அவர் தாயாரிடம் வாக்களித்திருக்கிறார்.

விடைபெறுமுன் அம்மையார் எமக்குப் புதிய படத்தைக் காட்டினார். நீல இருளின் நடுவே ஒரு கடல்விசிறி, செம்பருத்தியின் சிவப்பில் விரிந்து நின்றது. வெண்புள்ளி ஒன்றேனும் இல்லை.

“நீங்களும் ஒருமுறை போய்ப் பார்க்கலாமே, அம்மா?” என்றோம்.

“வெயில் காலத்துல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்யா. அதெல்லாம் வெளுக்கறதுக்குள்ள பாத்துட்டு வந்துறணும்” என்றார்.

வைகாசியிற் கிழக்குக் கடல் அமைதியுறும். அதுவரை அச்சிவப்பு அங்கே நிலைத்திருக்க வேண்டும் என்பதே எமது பிரார்த்தனை.