களத்துக்கு வரும் இயந்திரத்தை யார் சோதிப்பது?

பெரிய கிடங்குகளில் மூட்டை அடுக்கும் பாரந்தூக்கி வண்டியை (ஃபோர்க்லிஃப்ட்) அன்றாடம் சோதித்த பிறகே ஓட்டுவது முறை. அமெரிக்காவில் சட்டமே இதைக் கட்டாயமாக்கியுள்ளது. தினம் ஒரு முறையாவது சோதனை. இரவு பகலாக ஓடும் வண்டியானால் ஒவ்வொரு ஷிப்டுக்குப் பிறகும் சோதனை. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் களத்துக்கு டிராக்டருடன் வரும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கு இப்படியொரு சோதனை நடப்பது அபூர்வம். அபாயத்தில் அது பாரந்தூக்கிக்கு இளைத்ததல்ல.

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. மூன்று அங்குலப் பருமனுள்ள இணைப்பில் துணி சிக்கினால் ஒரே நொடியில் சுமார் 2 மீட்டர் சுருட்டப்பட்டுவிடும். நாலு முழ வேட்டியின் நீளமே அவ்வளவுதான். சிக்கியவர் கூச்சலிட்டு, அது டிரைவர் காதில் விழுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதைத் தடுக்கவே தண்டின் மேல் பிளாஸ்டிக் உறையும், அந்த உறை சுற்றாமல் பிடித்துக்கொள்ளச் சிறு சங்கிலியும் இருக்கின்றன. கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று ஒரு நாள் கழற்றிய உறை பெரும்பாலும் திரும்ப ஏறுவதில்லை.

இயந்திரம் வாடகைக்கு வருவதே இந்த அலட்சியத்துக்குக் காரணம். டிரைவருக்கு இரவுக்குள் இன்னும் இரண்டு களம் பாக்கி. விவசாயிக்கோ மழைக்கு முன் மூட்டை கட்டியாக வேண்டும். மணிக்கணக்கு வாடகையில் சோதனைக்குப் போகும் பத்து நிமிடம் யார் கணக்கில் சேரும் என்று யாரும் பேசுவதில்லை. ஆகவே இருவரும் அதை விட்டுவிடுகிறார்கள். வாடகை பேசும்போதே களத்துக்காரர் இதையும் பேசிவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் பணம் கேட்டால் கொடுத்துவிடலாம். கூலிக்கு வந்தவரின் கை போனால் அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், மறுநாளும் அதே ஊரில் இருக்கும் களத்துக்காரர்தான்.

என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே சோதனை தொடங்க வேண்டும். உறையைக் கையால் உருட்டினால் தண்டைப் பற்றாமல் தனியே உருள வேண்டும். தண்டின் இரு முனையும் பூட்டில் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது அவசியம். பெல்ட் மூடி, உருளையின் போல்ட்டுகள், டிராக்டரின் கைப்பிரேக் ஆகியவற்றைப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது. கையால் கதிர் தள்ளும் இயந்திரமானால் தள்ளுவாய் குறைந்தது 900 மி.மீ. நீளமும், அதில் 450 மி.மீ. மேல்மூடியும் கொண்டிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கை உருளையை எட்டக்கூடாது என்பதற்கே இந்த அளவு. சீக்கிரம் தள்ளலாம் என்று அதை வெட்டிக் குறைத்த இயந்திரத்தைக் களத்தில் ஏற்றவே கூடாது. களத்தில் நிற்கும் பெண்கள் முந்தானையை இறுக்கிச் செருகிக் கொண்டையிடுவது நல்லதுதான். உறையில்லாத தண்டின் அருகில் அதுவும் போதாது.

1983இல் நாடாளுமன்றம் இயற்றிய அபாயகரமான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் கதிரடிக்கும் இயந்திரத்தையும் மனதில் கொண்டே எழுந்தது. ஆனால் அதிகாரி ஒவ்வொரு களத்துக்கும் வருவார் என்று காத்திருக்க முடியாது.

ஒற்றை ஏக்கர்க்காரர் இப்படிக் கேட்டால் இயந்திரம் அடுத்த களத்துக்குப் போய்விடும் என்பார்கள். அறுவடை நெருக்கத்தில் அது உண்மையே. அதனால்தான் பத்துக் களத்துக்காரர்கள் சேர்ந்து, சீசன் தொடங்குமுன்பே ஒரே இயந்திரக்காரரிடம் பேசி முடிப்பது நல்லது. பத்துக் களத்து வாடகைக்காக அவர் உறையை வாங்கி மாட்டுவார்.